மகனுக்கு நோய், மகளுக்கு மௌனம்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பதற்காக, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஆறு வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிட்டு உடல் வீங்கும் நோய். ஒன்றரை ஆண்டில் மூன்று முறை திரும்பிவிட்டது. தினமும் காலையில் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து, மஞ்சள் நிறம் பச்சையாகிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நிமிடம், வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மனைவி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார். நீங்கள் வேலையைச் சாக்காக வைத்துத் தாமதமாக வீடு திரும்புகிறீர்கள். 'மூத்தவளுக்கு 11 வயது, அவளால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் 'தைரியமாக இருங்கள்' என்கிறார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வரும் என்பது உங்கள் கேள்வி.

நீண்டகால நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலை. தொடக்க காலத்தில் நானும் 'தைரியமாக இருங்கள்' என்று சொன்னவன்தான். ஒருநாள் ஒரு தாய் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறேன். ஒரு வேளை மருந்துகூடத் தவறியதில்லை. பெரியவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். இதற்கு மேல் எதைத் தைரியம் என்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

துன்பத்தைத் தாங்கி மறுபடி நிமிர்வதைத் துறைசார்ந்தவர்கள் மீள்திறன் என்பார்கள். அது ஒருவருடைய நெஞ்சுக்குள் கூடவோ குறையவோ இருக்கும் ஏதோ ஒரு சரக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்புக்காலச் சிக்கல், பெற்றோரின் மனநோய், சண்டை ஓயாத வீடு என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்கு வாய்த்திருந்தவை மிகச் சாதாரணமானவை: நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார், வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது, அவர்கள் செய்தே ஆகவேண்டிய சிறு பொறுப்புகள் இருந்தன. ஆன் மாஸ்டன் என்ற உளவியலாளர் 2001-இல் இதைச் 'சாதாரண மாயம்' என்றே அழைத்தார். ஆகவே உங்கள் மனத்தைத் தோண்டித் தைரியத்தைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள், எது வாய்விட்டுப் பேசப்படுகிறது, யார் எப்போது தூங்குகிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் குடும்பங்கள் நிமிர்வதும் சரிவதும் இந்த இடங்களில்தான்.

அந்தக் காலை நேரத்திலிருந்தே தொடங்கலாம். இப்போது அது ஒரு தீர்ப்பு வாசிக்கும் சடங்கைப் போல நடக்கிறது. மூன்று பேர் சுற்றி நிற்க, ஆறு வயதுக் குழந்தை உங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பட்டையின் நிறத்தைவிட உங்கள் முகத்தின் நிறத்தைத்தான் அவன் படிக்கிறான். இனி ஒரே ஒருவர் சோதியுங்கள். ஒரு வாரம் நீங்கள், மறு வாரம் உங்கள் மனைவி. பார்த்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் அளவையும் எழுதிவிட்டு, பல் துலக்கப் போவதைப் போல அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். மற்றவர் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஒருநாள் லேசாகப் பச்சை தெரிந்தாலே உலகம் இடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. நோய் திரும்பிவிட்டது என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது, தொடர்ந்து மூன்று நாட்கள் புரதம் மூன்று பிளஸ் (பட்டையில் 3+) அளவுக்குக் காணப்படும்போதுதான். சாதாரணச் சளி, காய்ச்சலின்போது ஓரிரு நாட்கள் புரதம் எட்டிப்பார்த்துவிட்டுத் தானே மறைவதும் உண்டு. உங்கள் மருத்துவர் எந்த அளவை எல்லையாக வைத்திருக்கிறார் என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே: எத்தனை நாள் வரை காத்திருக்கலாம், யாரை அழைக்க வேண்டும், எதைக் கண்டால் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால் அது உடனே கிளம்ப வேண்டிய வகை. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவையுங்கள். களைத்துப்போன பெற்றோர் தவறு செய்வது இங்கேதான். பயத்தைக் குறைக்கச் சொல்லும் பக்கம் இல்லை இது. அடுத்த அடி என்ன என்று தெரிந்திருக்கும்போது பயம் தானாகவே கொஞ்சம் சுருங்குகிறது.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. குழந்தைக்குப் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரியவந்த 430 தாய்மாரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு எட்டு அமர்வுகள் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஆறுதல் மொழிகள் சொல்லப்படவில்லை. சிக்கல் எது என்று பெயரிடு, வழிகளைப் பட்டியலிடு, ஒன்றைத் தேர்ந்தெடு, செய்துபார், பலித்ததா என்று திரும்பிப் பார் என்ற பயிற்சி மட்டுமே. அந்தத் தாய்மாரின் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் குறைந்தன. 'என் குழந்தைக்கு ஏன் இப்படி' என்ற கேள்விக்கு விடை கிடையாது. 'வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகும்போது மூத்தவளை யார் அழைத்து வருவது' என்பதற்கு உண்டு. விடை கிடைக்கும் கேள்விகளில் ஒவ்வொன்றாகக் கை வையுங்கள்.

உங்கள் மனைவியின் அழுகையைப் பற்றி. மூன்றாவது முறை திரும்பியபோதும் முதல் நாளைப் போலவே அழுதார், இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மறுப்பு, கோபம் என்று படிப்படியாக ஏறி ஏற்பு என்ற மாடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை விவரித்தது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். வாழ்ந்துகொண்டிருக்கிற, ஓடி விளையாடுகிற, ஆனால் நோய் விட்டுவிட்டு வருகிற ஒரு குழந்தையின் பெற்றோருக்கு அந்த ஏணி பொருந்தாது. இவர்களுக்கு நெருக்கமான விளக்கத்தை 1962-இலேயே சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர் கொடுத்தார். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது 'நாள்பட்ட துயரம்' என்று ஒன்றைச் சுட்டினார்: அது தணியும், ஆனால் அகலாது, புதிய திருப்பம் ஒவ்வொன்றிலும் மறுபடி எழும்பும், அது நோயல்ல, இயல்பான எதிர்வினை. உங்கள் மனைவி ஏற்றுக்கொள்ளாமல் இல்லை. மூன்று முறை அடி விழுந்திருக்கிறது, மூன்று முறை வலித்திருக்கிறது.

அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருக்கக்கூடும். பெரும்பாலான தாய்மார் என்னிடம் தனியாக இருக்கும்போது கேட்கும் கேள்வி இது: "நான் எதையாவது சரியாகக் கவனிக்காமல் விட்டதால் வந்ததா?" இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி புரதத்தைக் கசியவிடுகிறது, நோய் எதிர்ப்பு அமைப்பின் கோளாறோடு அதற்குத் தொடர்பு உண்டு. வளர்ப்பில் நேர்ந்த எந்தக் குறையும் அதை உண்டாக்குவதில்லை. இதை மருத்துவர் வாயிலிருந்து உங்கள் மனைவி நேரடியாகக் கேட்கும்படி செய்யுங்கள். நீங்கள் சொன்னால் சமாதானம், அவர் சொன்னால் செய்தி.

இனி உங்களைப் பற்றி. அலுவலகத்தில் ஒளிந்துகொள்கிறேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டது நல்லது. பலர் அதை உழைப்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒருவர் அழுது தாங்குகிறார், ஒருவர் வேலை செய்து தாங்குகிறார். இரண்டுமே தாங்கும் வழிகள்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அழுகிறவர் 'இவருக்கு அக்கறை இல்லை' என்றும், வேலைக்குள் போகிறவர் 'இவள் நிலைமையை மோசமாக்குகிறாள்' என்றும் ஒருவரையொருவர் மொழிபெயர்த்துக்கொள்வதில். இத்தகைய குடும்பங்கள் பெரும்பாலும் உடைந்துவிடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பதிவேடுகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பெற்றோரிடையே மணமுறிவு மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றிய 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் கூடுதலாக இருந்தது. நோய்க்கு நோய், வீட்டுக்கு வீடு மாறுகிறது.

நான் சொல்லக்கூடியது இரண்டு ஏற்பாடுகள். இரவைப் பங்கிடுங்கள்: வாரத்தில் சில இரவுகள் முழுப்பொறுப்பும் உங்களுடையது, அந்த இரவுகளில் உங்கள் மனைவி வேறு அறையில் கதவை மூடிக்கொண்டு தூங்க வேண்டும். 'தேவைப்பட்டால் எழுப்புகிறேன்' என்பது பங்கீடு ஆகாது. எந்த நேரத்திலும் எழுப்பப்படலாம் என்று படுத்திருப்பவர் தூங்குவதில்லை. இரண்டாவது, நோயைப் பற்றிய பேச்சுக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உறங்கிய பிறகு கால் மணி நேரம். அதற்குள் எதையும் பேசலாம், பயந்ததையும் சொல்லலாம். அந்த நேரம் முடிந்தால் வேறு பேச்சு. முதல் சில நாட்கள் வேறு பேச்சே வராது, சங்கடமாக இருக்கும். வரும்.

மகனிடம் எவ்வளவு சொல்வது என்று கேட்டீர்கள். அவன் ஏற்கெனவே எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறான் என்பதுதான் அதற்கு முந்தைய கேள்வி. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் குழந்தைகளோடு நாட்கணக்கில் இருந்து கவனித்ததை 1978-இல் வெளியிட்டார். யாரும் சொல்லாமலேயே மிகச் சிறிய குழந்தைகள்கூடத் தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். பெற்றோர் வருந்துவார்கள் என்பதற்காகத் தெரியாததுபோல் நடித்தார்கள். உங்கள் மகனுடைய நோய் அந்த வகை அல்ல. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர இதிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். ஆனால் நடிப்பு மட்டும் எல்லா நோயிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்புகிறது, கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. அந்த வயதில் நோயைத் தண்டனை என்று நினைப்பதும் சகஜம். உங்கள் மகனைப் போன்ற ஒரு பையன் என்னிடம், "நான் அக்காவைத் தள்ளிவிட்டேன், அதனால்தான் வீங்கிவிட்டது" என்றான். எட்டு மாதங்கள் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறான்.

ஆகவே அவனிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். 'உன் உடம்புக்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது, அது சில சமயம் ஒழுகுகிறது, மாத்திரை அதை அடைக்கிறது, நீ செய்த எதனாலும் இது வரவில்லை' என்றால் போதும். ஊசி போடும்போது வலிக்காது என்று சொல்லாதீர்கள். வலிக்கும், இரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு காலத்தில் பெற்றோரைக் குழந்தைகள் பிரிவுக்குள் விடவே மாட்டார்கள். பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-இல் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுத்துக் காட்டினார். அதைப் பார்த்துப் பல மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். அந்நாட்டு அரசுக் குழு ஒன்று பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது 1959-இல்தான்.

ஸ்டீராய்டு அதிகமாகக் கொடுக்கும் வாரங்களில் அவன் எரிந்து விழுவதும், தூங்காததும், பசி அடங்காமல் கேட்பதும் பெரும்பாலும் மருந்தின் வேலை. அதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும், அவனும் உட்பட. முகம் உருண்டையாகிவிட்டதைப் பள்ளியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவனோடு சேர்ந்து ஒரு வரியைத் தயார்செய்து கொடுங்கள். ஆனால் மருந்து ஒரு காரணம் என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். 1964-இல் கிரீன், சோல்னிட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார்கள்: கடும் நோயிலிருந்து பிழைத்து முற்றிலும் குணமான பிறகும் சில குழந்தைகளைப் பெற்றோர் கண்ணாடிப் பாத்திரம் போலவே நடத்திவந்தார்கள். அக்குழந்தைகளுக்குப் பெற்றோரைப் பிரியவும் முடியவில்லை, கண்டிப்புக்குக் கட்டுப்படவும் தெரியவில்லை. உங்கள் மகன் பிறரை அடிப்பதும் கடிப்பதும் நோயில்லாத நாட்களில் எவ்வளவு தவறோ, இப்போதும் அவ்வளவு தவறு. கண்டிக்கப்படும் பிள்ளை, 'எனக்கு எதிர்காலம் இருக்கிறது என்று அப்பா நம்புகிறார்' என்று அதிலிருந்து புரிந்துகொள்வான்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது மகளைப் பற்றிய அந்த ஒரு வரிதான். இதை நான் வேண்டுமென்றே தள்ளிவைத்தேன், முதலிலேயே சொல்லியிருந்தால் அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

தொந்தரவு தராத 11 வயதுக் குழந்தை என்று ஒன்று இயல்பாகக் கிடையாது. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றால், வீட்டில் இடமில்லை என்று பார்த்துத் தன்னை மடித்துச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாள் காது வலியை மறைத்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். 'இன்னொரு முறை மருத்துவமனைக்குப் போனால் அம்மா அழுவாள்' என்பது அவள் சொன்ன காரணம். இப்படிப்பட்ட உடன்பிறந்தாரின் மனத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்டவை: எனக்கும் வந்துவிடுமா என்ற பயம், எனக்கு வரவில்லையே என்ற குற்றவுணர்வு, அவனுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறதே என்ற பொறாமை, பொறாமைப்படுகிறேனே என்ற வெட்கம். நான்கும் ஒரே நாளில் வரும்.

அவளை எதிரே உட்காரவைத்து 'உனக்கு ஏதாவது கவலையா' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்பாள். எங்காவது நடந்துபோகும்போது, இருவர் பார்வையும் முன்னால் இருக்கும்போது, நீங்களே தொடங்குங்கள்: 'தம்பியால் நாம் போக நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் போன அன்று, எனக்கே அவன்மேல் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.' அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் அப்படிச் சொல்ல முடியும் என்பதே அவளுக்குத் திறக்கும் கதவு. இது தொற்றுநோய் அல்ல என்பதையும், அவள் செய்த எதனாலும் வரவில்லை என்பதையும் அவளிடமும் சொல்ல வேண்டும். பதினொரு வயதுக்கு அது தெரிந்திருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

வாரத்தில் இரண்டு முறை, அரை மணி நேரம் அவளுக்கே என்று ஒதுக்குங்கள். நோய் திரும்பிய வாரத்திலும் அது ரத்தாகக் கூடாது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் என்றாலும் சரி. அவளை 'வீட்டின் இரண்டாவது அம்மா' என்று புகழ்வதை உறவினர்கள் நிறுத்த வேண்டும். சிறு பொறுப்புகள் பிள்ளைகளுக்கு வலுவூட்டின என்று மேலே சொன்னேனே, அது அளவைப் பொறுத்தது. தம்பியின் பையை எடுத்து வைப்பது பொறுப்பு. அம்மா அழுகிறாளா என்று இரவில் விழித்திருந்து காவல் காப்பது பொறுப்பல்ல, அதை அவள் இப்போது செய்துகொண்டிருக்கக்கூடும். வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லிவையுங்கள். வீட்டில் மறைப்பது பள்ளியில் வேறு வடிவத்தில் வெளிவரும்.

உறவினர் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பவர்களுக்கு உடனே ஒரு நாளும் ஒரு வேலையும் சொல்லுங்கள். பாதிப் பேர் மகிழ்வார்கள், மீதிப் பேர் அடுத்த முறை கேட்க மாட்டார்கள், இரண்டுமே லாபம்தான். இதே நோயை ஐந்தாறு ஆண்டுகள் கடந்துவந்த ஒரு குடும்பத்தின் அறிமுகம் கிடைக்குமா என்று மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்தத் தாயின் பத்து நிமிடம் உங்கள் மனைவிக்குப் பயன்படும்.

கடைசியாக, எதுவரை வீட்டு ஏற்பாடுகள் போதும் என்பது. குழந்தை நோயுற்ற குடும்பங்களை ஆன் கசாக் என்ற உளவியலாளர் ஒரு முக்கோணமாக வரைகிறார். அகலமான அடிப்பகுதியில் பெரும்பாலான குடும்பங்கள்: கலங்குவார்கள், சாதாரண ஆதரவு கிடைத்தால் சமாளிப்பார்கள். நடுவில் சிலர், அவர்களுக்குக் குறிப்பான உதவி தேவை. நுனியில் மிகச் சிலர், அவர்களுக்குச் சிகிச்சை தேவை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நடுப்பகுதிக்கு அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குழந்தை நிம்மதியாக உறங்கும் இரவிலும் தூக்கம் வராதது, மருத்துவமனை வாசனை பட்டாலே பழைய காட்சிகள் மேலேறி வந்து உடல் நடுங்குவது, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் போவது ஆகியவை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறிகள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களில் யாருக்கு வந்தாலும் அன்றே பாருங்கள், காத்திருக்காமல்.

அடுத்த முறை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதில் மகனுடைய புரத அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் அந்த இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றும் எழுதிவாருங்கள். அவர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.